சுவரிலிருந்து இறங்கி வந்தவர்

ஜூன் 3, திங்கள்

இன்று காய்கறிக் கடையில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முருங்கைக்காயை நழுவவிட்டு, “ஐயோ, நீங்க செத்துட்டீங்களே!” என்றாள்.

“ஆமாம்மா, போன ஆடியிலேயே” என்று சொல்லி, குனிந்து முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் ஒரு கட்டுக் கொத்தமல்லியை இனாமாகப் பையில் போட்டார். கருவூலத்தில் கிளார்க்காக இருந்த காலம் முழுக்க எனக்கு ஒரு இணுக்குக் கறிவேப்பிலைகூட யாரும் கொடுத்ததில்லை.

இந்தப் புகழ் எப்படி வந்தது என்பதை முறையாக எழுதி வைக்க வேண்டும். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் டென்சிங், டி.வி. தொடர்களில் ஆர்ட் அசிஸ்டென்ட். நாகர்கோவில்காரர். போன வருஷம் ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து, “சார், அவசரமா செத்துப்போன அப்பா ஒருத்தர் வேணும்” என்றார். கதாநாயகி அபிராமியின் அப்பா ராஜலிங்கம் இறந்துவிட்டார், படம் சுவரில் மாட்ட வேண்டும், ஷாட் ரெடி, படம் இல்லை. நான் என் பணி ஓய்வு விழாவில் எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். சால்வையை மறைக்க மாலை போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள், சின்ன சிவப்பு பல்பு எரியவிட்டார்கள். அன்றிலிருந்து ‘வாடாத வாசல்’ தொடரில் அபிராமிக்கு எந்தத் துன்பம் வந்தாலும் நேராக என் முன்னால் வந்துதான் அழுவாள்.

அந்தப் புன்னகையில் ஏதோ இருக்கிறது போல. ‘அக்கா வீட்டுக் கிளி’யில் தாத்தாவாக மாட்டினார்கள். இன்னொரு தொடரில் கதாநாயகனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்துவிட்டு மறைந்த முதலாளி. ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் செத்திருக்கிறேன்.

பிரபா மட்டும் இவற்றைப் பார்ப்பதில்லை. என் படம் வரும் நேரமாகப் பார்த்து அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடுகிறது. கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்குக் கலை ஆர்வம் கொஞ்சம் குறைவு.

சாயந்திரம் துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஏறியபோது நெஞ்சில் லேசாகப் பிடித்தது. மத்தியானம் உருளைக்கிழங்கு. வாயு.

ஜூன் 5, புதன்

அபிராமியின் கணவனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது இன்று தெரிந்துவிட்டது. எட்டு நிமிஷம் என்னிடம் அழுதாள். நான் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

பிரபா அவள் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டாள்.

“என்ன, அதுக்குள்ள?”

“அங்க ஒரு பெரியம்மா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். குங்குமத் தட்டை எடுத்துட்டு வரிசையா வந்தாங்க. எனக்குப் பக்கத்துல இருந்தவங்களுக்குக் கொடுத்துட்டு, என்னை விட்டுட்டு, அந்தப் பக்கம் இருந்தவங்களுக்குக் கொடுத்தாங்க.”

“பார்க்கலையா இருக்கும்.”

“பார்த்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘தனியா எப்படிம்மா சமாளிக்கிறே’ன்னு கேட்டாங்க. போன வாரம்தான் நம்ம ரெண்டு பேரும் இருக்கிற போட்டோவை அவங்களுக்கு யாரோ காட்டியிருக்காங்க. இவர்தானே ‘வாடாத வாசல்’ல வர்றவருன்னு அடையாளம் கண்டுபிடிச்சுட்டாங்களாம். செத்தது சீரியல்லதான்னு மறந்துட்டாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். ஒரு போட்டோ இவ்வளவு தூரம் நம்ப வைக்கிறதென்றால் அது சாதாரண விஷயமா? இதை டென்சிங்கிடம் சொல்ல வேண்டும் என்றேன். பிரபா உள்ளே போனாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, வாசனை கூடத்துக்கு வந்த பிறகுதான் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தும் பாலைக் கவனிக்கவில்லை என்று தெரிந்தது. வயதாகிறது.

ஜூன் 10, திங்கள்

வாயு. இஞ்சிச் சாறு குடித்தேன். டாக்டரிடம் போகலாம் என்கிறாள் பிரபா. இஞ்சிக்கு அப்புறம் டாக்டர் எதற்கு?

ஜூன் 12, புதன்

இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும்.

டென்சிங் ஓடிவந்தார். ‘வாடாத வாசல்’ பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். சேனலில் திட்டியிருக்கிறார்கள். டைரக்டர் ஜெயசீலன் ராத்திரி பகலாக யோசித்து, ராஜலிங்கம் சாகவில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

“சாகலைன்னா?”

“திரும்பி வாறார், சார். ‘இதுக்கு அந்த போட்டோ முகத்துல ஒரு ஆளு கிடைப்பானா’ன்னு டைரக்டர் கேட்டாரு. ஆளு என் வீட்டுக்குக் கீழதான் இருக்காருன்னேன். ‘உயிரோடவா?’ன்னு அப்படியே சேரை விட்டு எழுந்துட்டாரு. இன்டர்நெட்ல எடுத்த படம்னு நினைச்சிருக்காரு.”

அடுப்படியிலிருந்து பிரபா வெளியே வந்தாள். கையில் கரண்டி.

“அப்போ அந்தப் படத்தை எடுத்துடுவாங்களா?”

“உயிரோட வந்தவருக்குப் படம் எதுக்குக்கா? மாலை, பல்பு எல்லாத்தையும் அபிராமியே பிடுங்கிப் போடற மாதிரி சீன்.”

பிரபா உள்ளே போய், மூன்று பேருக்கும் கேசரி கிளறிக்கொண்டு வந்தாள். முந்திரி தாராளம். என் கலைப் பயணத்தில் அவள் காட்டிய முதல் உற்சாகம் இது.

ஜூன் 14, வெள்ளி

வசனம் வந்துவிட்டது. ஒரே வரி. “அம்மா அபிராமி... அப்பா வந்துட்டேன்மா.”

காலையிலிருந்து பயிற்சி. கண்ணாடி முன்னால் சொன்னேன். கேஸ் சிலிண்டரைப் பார்த்துச் சொன்னேன். கீரைக்காரம்மா கூடையை இறக்கியபோது அவளிடமும் சொன்னேன். “உள்ள போய் அக்காவைக் கூப்பிடுங்க சார்” என்றாள்.

பிரபாவின் கருத்தைக் கேட்டேன்.

“கவுன்ட்டர் ஒரு மணிக்கு மூடிருவோம்னு சொல்ற மாதிரி இருக்கு” என்றாள்.

கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி, தானே அபிராமியாக நின்று காட்டினாள். இருபது தடவைக்கு மேல் அப்பாவானேன். அவள் சலிக்கவேயில்லை. நடுவில் எனக்கு வியர்த்துக்கொட்டியது. மின்விசிறியைக் கூட்டினாள்.

“நெஞ்சு ஏதாவது பண்ணுதா?”

“உணர்ச்சிவசப்பட்டா வியர்க்கத்தான் செய்யும். பெரிய நடிகர்களுக்கெல்லாம் அப்படித்தான்.”

ஜூன் 17, திங்கள்

முதல் நாள் படப்பிடிப்பு. வளசரவாக்கத்தில் ஒரு பங்களா. சுவரில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். நேரில் பார்க்கையில் மாலை பிளாஸ்டிக்.

எல்லோரையும் சந்தித்தேன். அபிராமியாக நடிக்கும் நிவ்யா, சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு வணக்கம் சொன்னாள். வில்லி திலகா அம்மையாரைப் பார்த்ததும் என் கைகள் தானாகக் குவிந்தன. அதிர்ச்சியில் மூன்று தடவை தலையைத் திருப்புகிற அதே திலகா. அம்மையாருக்குக் கழுத்தில் பட்டை. வருஷக்கணக்காகத் திரும்பியதில் எலும்பு தேய்ந்துவிட்டதாம். இப்போது இடது பக்கம் மட்டும்தான் திரும்புவார், வலது பக்கத்துக்குக் கேமராவைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொருவர் ‘பாடி’ கஜேந்திரன். பாடியிலிருந்து வருகிறவர் என்று நினைத்து, “அம்பத்தூர் பக்கம்தானே?” என்று கேட்டேன். “இல்ல சார், நான் பொணம்” என்றார். பிணமாகப் படுப்பதுதான் அவர் தொழில். பாடை, ஐஸ் பெட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில், எதில் வேண்டுமானாலும் படுப்பார். கொசு கடித்தாலும் அசைய மாட்டார். “நீங்க சுவர்ல, நான் தரையில. ஒரே டிபார்ட்மென்ட்” என்று கையைக் குலுக்கினார். தங்கமான மனிதர்.

நடிப்பைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். சரியாக வரவில்லை. கேமரா ஓடத் தொடங்கியதும் என் முகம் தானாக அந்தப் போட்டோப் புன்னகைக்குப் போய்விடுகிறது. “சார், மகளைப் பிரிஞ்சிருந்து திரும்பி வந்திருக்கீங்க, சிரிக்காதீங்க” என்றார் ஜெயசீலன். நான் சிரிக்கவில்லை, என் முகம் சிரித்தது. நிவ்யாவுக்கும் சிக்கல். “அங்கிள், இத்தனை மாசமா உங்க போட்டோவைப் பார்த்து அழுதேன். நேர்ல பார்த்தா அழுகையே வர மாட்டேங்குது” என்றாள். கடைசியில் என் தலைக்கு மேலே என் படத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, அதைப் பார்த்து அழுதாள். அவள் சரியாக அழுதபோது நான் வசனத்தை மறந்தேன்.

சாயந்திரம் ஜெயசீலன் என்னைத் தனியாக அழைத்து, “நாளைக்குக் காலைல ஒரு சான்ஸ் சார். வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

கிளம்பும்போது ‘பாடி’ கஜேந்திரன் அறிவுரை சொன்னார்: “நடிக்கணும்னு நினைக்காதீங்க சார். நான் படுத்ததும் வீட்டுக்கு என்னென்ன மளிகை வாங்கணும்னு நினைச்சுக்குவேன். முகம் செத்துரும்.”

வீட்டுக்கு வந்து பிரபாவிடம், எல்லாம் பிரமாதம் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

விடிகாலையிலேயே எழுந்துவிட்டேன். சரியான தூக்கமில்லை. இடது தோள்பட்டை வலி, தலையணை சரியில்லை. பிரபாவும் ஷூட்டிங்குக்கு வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிவ்யாவை நேரில் பார்க்க அவ்வளவு ஆசை போலிருக்கிறது. வண்டி வந்துவிட்டது.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதக் கூடாது என்கிறார் நர்ஸ். பிரபா காபி வாங்கப் போயிருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். சிலவற்றை ‘பாடி’ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் ஷாட்டே என்னுடையது. வாசல் கதவைத் திறந்துகொண்டு நான் உள்ளே வர வேண்டும். நிவ்யா தட்டை நழுவவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் நிற்கும்போதே நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போலிருந்தது. பயம் என்று நினைத்துக்கொண்டேன். “ஆக்‌ஷன்!” உள்ளே வந்தேன். தட்டு விழுந்தது.

“அம்மா...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தாடையிலிருந்து கைவரை ஒரு வலி இறங்கியது. கதவைப் பிடித்தேன். கண் இருட்டியது. முகத்தில் வியர்வை ஓடியது. சத்தியமாக, அப்போது என் முகத்தில் புன்னகை இல்லை.

“சூப்பர்! அதான் வேணும்! கட் பண்ணாதே, அப்படியே குளோஸ் போ!” என்று ஜெயசீலனின் குரல் கேட்டது. நிவ்யாவுக்குக் கண்ணீர் கொட்டியது. படத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே அழுதாளாம். திலகா அம்மையார் கழுத்துப் பட்டையையும் மறந்து இரண்டு பக்கமும் திரும்பிவிட்டாராம். லைட்மேன்கள் வரைக்கும் அசந்து நின்றிருக்கிறார்கள்.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து பிரபா நடந்து வந்தாள். ஓடவில்லை. வயர்களைத் தாண்டி, வெளிச்சத்துக்குள் நேராக வந்து என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

“யாரும்மா அது? ஷாட் போயிட்டிருக்கு! நல்லா நடிச்சிட்டிருக்காரும்மா!”

பிரபா திரும்பி ஜெயசீலனைப் பார்த்துச் சொன்னாள்: “என் வீட்டுக்காரருக்கு நடிக்கத் தெரியாது சார். இது நடிப்பில்ல.”

அந்த வரியை அவள் சொன்ன விதத்தில் ஒரு எழுத்து அதிகம், ஒரு எழுத்து குறைவு என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் ஒத்திகை பார்க்காதவள்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பாடியின் அடுத்த காட்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஷூட்டிங் ஆம்புலன்ஸ். உள்ளே ஸ்ட்ரெச்சரில் மூக்கில் பஞ்சோடு பாடி தயாராகப் படுத்திருந்தார். விஷயம் கேட்டதும் துள்ளி எழுந்து, “சார், என் இடத்துல படுங்க” என்றார். அந்த நிலையிலும் அது எனக்கு உவப்பாகப் படவில்லை.

வண்டியில் சைரன் மட்டும்தான் நிஜம். ஆக்சிஜன் சிலிண்டர் தெர்மோகோல். பிரபா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறினாள். பாடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “வழி விடுங்கய்யா, நிஜம்யா!” என்று கத்திக்கொண்டே வந்தார். மூக்கிலிருந்த பஞ்சை எடுக்க மறந்துவிட்டார். எல்லோரும் வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தடுத்தார். “ஷூட்டிங்குக்குப் பர்மிஷன் இருக்கா?”

“இல்லைங்க, நிஜமாவே நெஞ்சுவலி” என்றார் பாடி.

காவலாளி குனிந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “‘வாடாத வாசல்’ ராஜலிங்கம்! போன வருஷமே செத்துட்டீங்களே சார்?”

பிரபா இறங்கினாள். என் மனைவி தெருவில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். “அவர் சாகல! கேட்டுக்கோங்க, அவர் சாகல! கதவைத் திறங்க!”

திறந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. ரத்தக் குழாயில் ஒரு அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பிரபா அவரை வெளியே அழைத்துக்கொண்டு போய்ப் பேசினாள்.

காபி வருகிறது. நிறுத்துகிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஜெயசீலன் ஆப்பிள் கூடையுடன் வந்தார். பாவம், இளைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இழுத்தார்.

“சார், ஒரு விஷயம்... அன்னைக்கு எடுத்த ஷாட் இருக்கு. அந்த மாதிரி எக்ஸ்பிரஷன் நான் யார்கிட்டயும் பார்த்ததில்ல. உங்களுக்குச் சம்மதம்னா...”

‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தேன். பிரபா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “அதை மட்டும் போடாதீங்க தம்பி” என்றாள்.

“போடலைம்மா. அழிச்சிடறேன்.”

கதையை வேறு வழியில் கொண்டுபோகிறாராம். ராஜலிங்கத்துக்கு விபத்து, பிளாஸ்டிக் சர்ஜரி, புது முகம். புது நடிகர். என் படத்தை அன்றே கழற்றியாயிற்று.

மற்ற இரண்டு தொடர்களிலிருந்தும் படத்தை எடுத்துவிடச் சொல்லி டென்சிங்கிடம் கேட்க வேண்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். போன் செய்தால், “அக்கா நேத்தே சொல்லிட்டாங்களே, சார். எடுத்தாச்சு” என்கிறார். முடிவு என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஷாட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்திருக்கலாம்.

ஜூலை 1, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். உப்பில்லாத ரசம். அதை ரசம் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். பாடி பார்க்க வந்து, பேசிக்கொண்டே சோபாவில் தூங்கிவிட்டார். பிரபா பதறிப்போய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள்.

ஜூலை 8, திங்கள்

இன்று புது ராஜலிங்கம் வரும் நாள். டி.வி. போட்டதும் பிரபா பீன்ஸையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தொடரை அவள் முழுசாகப் பார்ப்பது இதுவே முதல் முறை. யார் யாருக்கு என்ன உறவு என்று நான் விளக்கிச் சொன்னேன்.

முகத்துக் கட்டைப் பிரிப்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. ஒரு சுற்றுப் பிரிப்பார்கள், திலகா அம்மையார் இடது பக்கம் திரும்புவார். இன்னொரு சுற்று, மறுபடி திரும்புவார். கடைசியில் முகம் தெரிந்தது. சாயம் பூசிய மீசையோடு கட்டையான ஒரு ஆள்.

“அம்மா அபிராமி... அப்பா வந்துட்டேன்மா!”

நிவ்யா ‘ஓ’வென்று அழுதாள்.

“ஓவராப் பண்றான்” என்றேன்.

“இல்லையே, நல்லாத்தான் பண்றார்.”

“என்னைவிடவா?”

“நீங்க எங்க நடிச்சீங்க?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் குலுங்கிச் சிரிக்கலாமா கூடாதா என்று ஒன்றும் சொல்லவில்லை, அதனால் சிரித்தேன். என்னைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த நீர் நிற்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதாள். பீன்ஸ் தட்டு சரிந்து தரையெல்லாம் கொட்டியது.

கீழே உட்கார்ந்து பீன்ஸைப் பொறுக்கினேன். பிறகு பொறுக்குவதை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன பிரபா?”

“ஒண்ணுமில்லங்க. இந்த சீன்தான்... ரொம்ப உருக்கமா எடுத்திருக்காங்க.”

“ஆமா, ரொம்ப உருக்கம்” என்றேன்.

டி.வி.யில் சலவைப் பவுடர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.